புனலின் வாயும் பாட்டிலின் வாயும்

மூன்று வாரங்களாக இந்தப் பத்தியின் அடியில் மழை அளவு வரவில்லை. 'என்ன ஆச்சு?' என்று பதினேழு பேர் கேட்டு எழுதிவிட்டீர்கள். பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் வாசகர் இரண்டு முறை எழுதினார். சேத்தியாத்தோப்பு வாசகி ஒருவர், 'உடம்புக்கு ஒன்றுமில்லையே?' என்று அக்கறையாக விசாரித்திருந்தார்.

உடம்பு நன்றாக இருக்கிறது. மழையும் பெய்தது. அளவுதான்... சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், என் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது வருடங்களாக மழையை அளந்து வருகிறேன். தினமும் காலை சரியாக 8.30-க்கு. நானே செய்த மழைமானி. ஒரு பிளாஸ்டிக் புனல், அதன் கீழே அடியிலிருந்து கழுத்து வரை ஒரே அகலமாக இருக்கும் ஒரு கண்ணாடி பாட்டில், பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிய ஸ்கேல். எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதோ அதை நோட்டில் எழுதுவேன். காற்று எந்தப் பக்கம், மேகம் எப்படி என்பதையும் சேர்த்து. பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, திரும்ப வைப்பேன். ஒன்பது வருடத்துக்கு ஒன்பது நோட்டு. ஊருக்குப் போகும் நாட்களில் மனைவி கலா அளப்பாள். வாரக் கூட்டுத்தொகை இங்கே அச்சாகும்.

செய்தித்தாளில் வரும் கடலூர் மழையளவைவிட என்னுடையது எப்போதும் அதிகமாகவே இருக்கும். கொஞ்சம் இல்லை, நிறைய. அதற்கு நான் ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். மழை தெருவுக்குத் தெரு மாறும், எங்கள் தெருவின் மேல் மேகத்துக்குத் தனிப் பிரியம் என்று இதே பத்தியில் எழுதியும் இருக்கிறேன். 'உண்மைதான் சார், எங்கள் தெருவிலும் அப்படித்தான்' என்று சிலர் கடிதம் வேறு போட்டீர்கள். நினைவிருக்கிறதா?

மறந்திருந்தால் நல்லது.

சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ரஃபீக் என் கல்லூரித் தோழன். அவன் மகள் ஆயிஷா ஏழாம் வகுப்பு. இந்த வருடம் அவர்கள் பள்ளியில், மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அனுப்ப ஒரு சார்ட்டும் ஒரு மாதிரியும் தயார் செய்யச் சொன்னார்கள். ஆயிஷா எடுத்துக்கொண்ட தலைப்பு 'இரண்டு ஊர், ஒரு பருவமழை'. சிதம்பரத்து மழையை அவள் அளப்பாள். கடலூர் மழைக்கு நான். ஐப்பசி தொடங்கியதிலிருந்து காலை 8.35-க்கு அன்றைய அளவை ரஃபீக்கின் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு மழை நாட்கள். ஒன்றுகூட விடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 10.10. அப்பாவும் மகளும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆயிஷாவின் மடியில் ஒரு துணிப்பை. அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்கு மனமில்லை. வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம்.

"சீட்டு காலியா கெடந்துச்சு மச்சான், பக்கத்துல வையின்னா கேக்க மாட்டேங்குறா. உள்ள இருக்கறது ஒரு எவர்சில்வர் டப்பா. புதுச்சத்திரத்துல ஏறுன ஒரு அம்மா, பிரியாணியான்னு கேட்டுச்சு" என்றான் ரஃபீக்.

"நசுங்கிடும்ல வாப்பா" என்றாள் ஆயிஷா, சிரிக்காமல்.

விஷயம் இதுதான். முப்பத்து நான்கு நாள் அளவையும் சார்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியபோது அவர்களுடைய சயின்ஸ் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். முப்பத்து நான்கில் இரண்டே இரண்டு நாள்தான் சிதம்பரத்தில் அதிகம். மற்ற எல்லா நாளும் கடலூர்தான். அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

"ரெண்டு ஊருக்கும் ஒரே கடல், ஒரே புயல் சின்னம். ஒரு நாள் இங்க ஜாஸ்தி, ஒரு நாள் அங்க ஜாஸ்தின்னு கலந்துதானே வரணும்? ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்பா அளந்திருக்கு. எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வா. திங்கக்கிழமைக்குள்ள முடியலன்னா வேற டீமை அனுப்பறேன்." இது டீச்சர் சொன்னதாக ஆயிஷா சொன்னது.

திங்கட்கிழமை என்றால் மறுநாள்.

"இதுல கண்டுபிடிக்க என்னா இருக்கு? மாமா பேப்பர்ல எழுதுறவரு. ஒம்போது வருஷமா அளக்குறாரு. நீ ரெண்டு மாசமா அளக்குற. உன்னோடதுதான் தப்பு. அவரு எப்படி வெச்சிருக்காருன்னு பாத்து உன்னோடதைத் திருத்திக்கன்னு கூட்டியாந்துட்டேன்" என்றான் ரஃபீக்.

எனக்குக் கேட்கச் சுகமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆயிஷா டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சர்க்கரை போட்டு வைக்கும் டப்பா, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். பக்கத்தில் ஒரு நோட்டு.

"தப்பு எங்கன்னு நானும் தேடிட்டேன் மாமா. மொதல்ல டப்பா ஓட்டையான்னு பாத்தேன். ராத்திரி முழுக்க தண்ணி ஊத்தி வெச்சேன், கொறையல. வேப்பமரம் மறைக்குதோன்னு மாடிக்கு மாத்துனேன். தரை சாய்வா இருக்கான்னு பாத்தேன். அப்புறம் ஸ்கேலு. ஸ்கேல்ல சைபர் நுனியிலேர்ந்து ஆரம்பிக்கல, கொஞ்சம் தள்ளித்தான் கோடு இருக்கு. தண்ணிக்குள்ள விட்டா அந்த இடைவெளி கணக்குல வராது. அதனால நுனியத் தேச்சு எடுத்துட்டேன்."

ஸ்கேலைக் காட்டினாள். பூஜ்ஜியக் கோடு வரை உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு வழவழப்பாக இருந்தது.

நான் என் ஸ்கேலை நினைத்துப் பார்த்தேன். ஒட்டியபோது அதன் பூஜ்ஜியக் கோடு தற்செயலாகப் பாட்டிலின் உள் அடிக்கு நேராக வந்திருந்தது; ஒன்பது வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அது ஒரு சின்ன நெருடல்தான். பெரியது மாடியில் காத்திருந்தது.

மேலே போனோம். நான் என் முறைகளை விளக்கினேன். சுற்றிலும் மறைப்பு இல்லாத இடம். தரையிலிருந்து இத்தனை உயரம். 8.30 ஏன், 7.30 ஏன் கூடாது. ரஃபீக் ஒவ்வொன்றுக்கும், "பாத்துக்க... பாத்துக்க" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புனலை.

"இந்தப் புனல் எதுக்கு மாமா?"

"வெயில் வந்தா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகிடும்ல? புனல் இருந்தா ஆகாது. நிஜமான மழைமானியிலயும் புனல் இருக்கும்மா." படத்தில் பார்த்துத்தான் செய்திருந்தேன்.

"அளந்து பாக்கட்டா?"

பையிலிருந்து வேறொரு ஸ்கேல் வந்தது. புனலின் வாயைக் குறுக்காக ஒரு முறை, திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தாள். பதினைந்து சென்டிமீட்டர். பாட்டிலின் உள்வாயை அதேபோல இரண்டு முறை. பத்து சென்டிமீட்டர். நோட்டில் எழுதினாள். எழுதிய இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"என்னாம்மா?" என்றான் ரஃபீக்.

"ஒண்ணுமில்ல வாப்பா."

"ஒண்ணுமில்லன்னா ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

ஆயிஷா என்னைப் பார்த்தாள், பிறகு கலாவைப் பார்த்தாள். கலா துணி காயப்போட மேலே வந்திருந்தாள். "சும்மா சொல்லு கண்ணு. உங்க மாமாவைத் தப்புன்னு சொல்ல இந்த வீட்ல எனக்கு ஒரு துணை வேணும்" என்றாள்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "பதினஞ்சு சென்டிமீட்டர் வட்டத்துல விழுற மழையை, பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள எறக்குறீங்க மாமா. அகலம் கொறைஞ்சுடுச்சு. தண்ணி எங்க போகும்? மேலதானே ஏறும்?"

வாசகர்களே, நான் வட்டத்தின் பரப்பளவுக்கு என்ன சூத்திரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன். பள்ளியில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன். சொல்வேன், எழுதுவேன், மதிப்பெண் வாங்குவேன். மொட்டை மாடியில் பதினைந்து சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை ஒன்பது வருடம் தினமும் குனிந்து பார்த்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

உடனே ஒப்புக்கொண்டேனா? இல்லை. வாதாடினேன். நிஜமான மழைமானியிலும் புனல் உண்டே என்றேன்.

"அதுக்குன்னு தனியா ஒரு அளவுக் குவளை வரும் மாமா. புனலோட வாய்க்குத் தகுந்த மாதிரி கணக்குப் பண்ணி அதுல கோடு போட்டிருப்பாங்க. நீங்க சாதா ஸ்கேல் ஒட்டியிருக்கீங்க."

படத்தைப் பார்த்துப் புனலை எடுத்துக்கொண்டேன். அதோடு வரவேண்டிய குவளையை விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

"வாயால சொன்னா போதாது, காட்டும்மா" என்றான் ரஃபீக். அப்போதும் அவன் என் பக்கம்தான். கலா கீழே போய்ச் செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளியோடு வந்தாள், கொஞ்சம் அதிகமான உற்சாகத்துடன்.

டப்பாவையும் என் பாட்டிலையும் ஒட்டி வைத்தார்கள். கலா மழை பொழிந்தாள். பாதியில் ஆயிஷா, "அத்தை, ஒரு நிமிஷம்" என்று நிறுத்தி, இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள்.

"எதுக்கு மாத்துற?"

"ஒரு பக்கம் ஜாஸ்தி விழுந்திருக்கும்ல அத்தை. மாத்தி வெச்சா ரெண்டுக்கும் சமமாயிடும்."

கலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

மீதித் தண்ணீரும் விழுந்தது. டப்பாவில் எட்டு மில்லிமீட்டர். என் பாட்டிலில் பதினெட்டு.

ஆயிஷா நோட்டில் கணக்குப் போட்டாள். ஏழரையின் வர்க்கம், ஐந்தின் வர்க்கம். "ரெண்டுலயும் பை இருக்கு, அதை அடிச்சிடலாம்" என்று ஒரு கோடு. இரண்டே கால் மடங்கு. எட்டை இரண்டே காலால் பெருக்கினால் பதினெட்டு.

கணக்கும் தண்ணீரும் ஒரே எண்ணைச் சொல்லும்போது, மனிதன் வேறென்ன சொல்ல முடியும்?

"ஒன்பது நோட்டும் வீண்" என்றேன்.

"வீண் இல்ல மாமா" என்றாள் அவள், அவசரமாக. "நீங்க ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படின்னு அளந்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க தினம் ஒரே மாதிரிதான் தப்பு பண்ணியிருக்கீங்க. ஒவ்வொரு எண்ணையும் நாலால பெருக்கி ஒம்போதால வகுத்தா சரியாயிடும்."

யோசித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய விஷயம் இது. வாழ்க்கையில் நம்முடைய பெரும்பாலான தவறுகளைத் திருத்த முடியாமல் போவதற்குக் காரணம், அவை பெரியவை என்பதில்லை... அவற்றை எப்போது, எந்த அளவுக்குச் செய்தோம் என்று நமக்கே தெரியாது. ஒழுங்காகத் தவறு செய்கிறவனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஒரே ஒரு பின்னத்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். இதைப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அவள் முகம் இன்னும் தெளியவில்லை. கேட்டேன்.

"டீச்சர் இன்னொண்ணும் சொன்னாங்க மாமா. அளந்தவரோட எண்ணை நாமளா மாத்தக் கூடாதுன்னு. மாத்துனா, நமக்குத் தோதா எழுதிக்கிட்டோம்னு ஆயிடுமாம். அவரே தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் சார்ட் போகும்."

கலா பூவாளியை ஓரமாக வைத்தாள்.

ரஃபீக்தான் முதலில் குறுக்கே வந்தான். "விடும்மா. ரெண்டு ஊரு கதையே வேணாம். சிதம்பரத்தை மட்டும் வெச்சு எழுதிடு. மாமா பேரு பேப்பர்ல வர்ற பேரு."

நல்ல நண்பன். என்னைக் காப்பாற்ற, மகளின் இரண்டு மாத உழைப்பில் பாதியை அந்த இடத்திலேயே தூக்கிப்போடத் தயாராக இருந்தான். ஆயிஷா டப்பாவைத் துடைத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். அவள் துடைத்த விதம் எனக்குத் தெரிந்த விதம். ஒவ்வொரு நாளும் 8.30-க்கு ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துத் துடைக்கிறவர்கள் மட்டுமே அப்படித் துடைப்பார்கள்.

கீழே போய்ப் பேனா எடுத்து வந்தேன். முழுப் பெயர், முகவரி, கருவியின் அமைப்பு, பிழையின் அளவு, பிழை தொடங்கிய நாள் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றேகால் பக்கம் வந்தது. ஆயிஷா படித்துப் பார்த்துவிட்டு, "மாமா, கருவியோட பிழைன்னு போட்டிருக்கீங்க. கருவியை அமைச்சதுல பிழைன்னு போட்டா சரியா இருக்கும்ல?" என்றாள்.

சரியாகத்தான் இருக்கும். திருத்தினேன்.

பிறகு சாப்பாடு முடியும் வரை முப்பத்து நான்கு எண்களையும் திருத்தினோம். அவள் பெருக்க, நான் வகுக்க. நான் ஐம்பத்து நான்கு என்று எழுதிய நாள் இருபத்து நான்காகச் சுருங்கியது. அதே நாளில் சிதம்பரத்தில் முப்பத்தொன்று. "இங்க பாருங்க, அன்னிக்கு நாங்க ஜாஸ்தி" என்று முதல்முறையாகச் சிரித்தாள். கடைசியில் பதினைந்து நாள் சிதம்பரம், பத்தொன்பது நாள் கடலூர். ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே... மழை எப்படிப் பெய்யுமோ அப்படி இருந்தது சார்ட்.

போகும்போது அவளுடைய அறிவியல் புத்தகத்தை ஒரு வாரம் கடன் கேட்டேன். "பரிட்சை இல்லல்ல, வெச்சிக்கங்க. ஆனா மூலை மடக்காதீங்க" என்று கொடுத்தாள். முதல் பாடமே அளவீடுதான். பரப்பு, பருமன், அடர்த்தி. ஒழுங்கான வடிவம் இல்லாத ஒரு இலையின் பரப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டம் போட்ட தாளின் மேல் வைத்து வரைந்து, கட்டங்களை எண்ணு என்கிறது புத்தகம். பாதிக்கு மேல் உள்ளே வரும் கட்டத்தை எடுத்துக்கொள், பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடு. ஒரு கல்லின் பருமனா? தண்ணீருக்குள் போட்டு, எவ்வளவு உயர்கிறது என்று பார். நான் பின்வாசலில் இருந்த நந்தியாவட்டை இலையைப் பறித்து வந்து வரைந்தேன். இருபத்து மூன்று கட்டங்கள். சரிபார்க்க இரண்டாவது முறையும் எண்ணினேன்.

என்ன அருமையான புத்தகம். இதையெல்லாம் நாமும் அந்த வயதில் படித்தவர்கள்தானே? படித்தோம். ஆனால் அப்போது நமக்கு அளக்க வேண்டியது எதுவும் இல்லை. அளக்க வேண்டியது வந்தபோது, புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தோம். ஆயிஷாவுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் கிடைத்திருக்கின்றன. பாடமும் மழையும். அதைவிட முக்கியமாக, 'ஏதோ ஒன்று தப்பு, எதுன்னு பார்' என்று சொல்லி, பதிலைச் சொல்லாமல் அனுப்புகிற ஒரு டீச்சர். அவரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் எழுந்து நிற்பேன்.

திங்கட்கிழமை மாலை 4.50-க்கு ரஃபீக் போன் செய்தான். "மச்சான், செலக்ட் ஆயிடுச்சு. ஆனா டீச்சர் ஒண்ணு கேக்குறாங்க. உன் பாட்டில் வேணுமாம். அந்தத் தப்பையே மாதிரியா வைக்கலாம்னு..." அவன் குரல் சங்கடத்தில் இறங்கியது.

கொடுத்தனுப்பினேன், புனலோடு. மூன்று வாரமாக மழை அளவு வராத காரணம் இதுதான்.

போன சனிக்கிழமை கண்காட்சி. கடலூரிலேயே ஒரு பள்ளி ஹாலில். காலை 11 மணிக்குப் போனேன். எரிமலை, சோலார் விளக்கு, சொட்டுநீர்ப் பாசனம் எல்லாம் தாண்டி, பதினாறாவது மேஜையில் என் பாட்டில். முன்னால் ஒரு அட்டை: 'இதில் என்ன தவறு?' வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். சிலர் பாட்டில் விரிசலா என்றார்கள். ஒருவர் புனல் அழுக்கு என்றார். என் புனல் அழுக்கில்லை.

ஆயிஷா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினாள். பூவாளி, இடமாற்றம், நாலு கீழ் ஒன்பது. நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். பக்கத்தில் ரஃபீக் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒம்போது வருஷமா இது தெரியாமயே அளந்துக்கிட்டு இருந்தாரா? யாரும்மா அந்த மேதை? இவருக்கெல்லாம் எதுக்கு மழை அளக்குற வேலை?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆயிஷா சிரிக்கவில்லை. "அவரு ஒரு நாள் கூட விடாம எழுதி வெச்சாரு சார். எழுதி வெச்சதாலதான் தப்பு மாட்டுச்சு. எழுதாதவங்க தப்பு யாருக்கும் தெரியாதுல்ல?"

ஹெல்மெட்காரர் ஒரு கணம் யோசித்தார். "அதுவும் சரிதான். பேரு என்னா அவருக்கு?"

அவள் தலை தூக்கி, கூட்டத்துக்குப் பின்னால் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். சொல்லலாமா என்ற கேள்வி அந்தக் கண்ணில் இருந்தது. தலையாட்டினேன். என் பெயரை இனிஷியலோடு சொன்னாள்.

"அடடே... நான் வாரா வாரம் படிக்கிறேனே" என்றார் அவர், மெல்ல. பிறகு எங்கேயும் பார்க்காமல், ஹாலுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நண்பரே, கழற்றிவிடுங்கள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.